வெள்ளம் வடிந்த பின் வரும் கணக்கு

ஆண்டின் இறுதி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் தோட்டப்புறங்களில் முதலில் எழுவது பால்வெட்டைப் பற்றிய கவலையாகும். மரப்பட்டை நனைந்திருக்குமாயின் பெரட்டுக்குப் போனவர்கள் உளியை உறையிலிருந்து எடுக்காமலேயே வீடு திரும்ப வேண்டியதுதான். மழை நாள்கள் கூடக் கூடச் சம்பளம் குறையும். ஆற்றோரத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இதற்கு மேலும் ஒரு கவலை உண்டு. ஆறு கரைபுரண்டால் லயத்துக்குள் நீர் புகும். அரிசி மூட்டையும் மெத்தையும் பிள்ளைகளின் பாடநூல்களும் ஓர் இரவில் பாழாகும்.

வெள்ளம் வருமுன் என்ன செய்வது, வரும்போது எங்கே செல்வது என்பனவற்றைத் தோட்ட மக்கள் பன்முறை கேட்டிருக்கின்றனர். வெள்ளம் வடிந்த பின் எழும் ஒரு வினாவைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மக்களைக் காப்பாற்றவும், உணவளிக்கவும், சேற்றை அகற்றவும், உடைந்ததைச் சீர்செய்யவும் ஆகும் செலவு யாரைச் சேர்ந்தது? அச்செலவை முதலில் கையிலிருந்து போட்டவருக்கு அது எவ்வாறு ஈடுசெய்யப்படுகின்றது? இதனையே இக்கட்டுரையில் சற்று விரிவாக ஆராய விழைகின்றோம்.

ஆற்றோரமாக அமைந்த ஒரு ரப்பர் தோட்டத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். நள்ளிரவில் நீர் ஏறுகின்றது. தோட்டத்து லாரி இரு முறை சென்று தாழ்வான லயத்திலிருந்த குடும்பங்களை மேட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. மளிகைக் கடைக்காரர் அரிசியும் பருப்பும் கடனாகத் தருகின்றார். கோயில் குழுவினர் பெரிய அண்டாவைக் கொண்டுவந்து கஞ்சி காய்ச்சுகின்றனர். இளைஞர்கள் சாலையில் விழுந்த மரங்களை அறுத்து வழி திறக்கின்றனர். மறுநாள் சமூக நல இலாகா அதிகாரிகள் வந்து பள்ளிக்கூடத்தைத் தற்காலிகத் துயர்துடைப்பு மையமாக ஏற்றுக்கொள்கின்றனர். மூன்றாம் நாள் நீர் வடிகின்றது. பின்னர் எஞ்சுபவை லாரிக்கு ஊற்றிய டீசல், கடைக்காரரின் கடன் சீட்டு, பள்ளிச் சுவரில் படிந்த சேறு, லயத்தில் நனைந்து உப்பிய பலகைகள், குடும்பங்களின் வெறுங்கை ஆகியவையே. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கணக்கில் சேர வேண்டியவை. பலருக்கும் குழப்பம் தோன்றுவது இங்கேதான்.

நம் நாட்டில் பேரிடர் நிர்வாகத்துக்கு ஒழுங்கான அமைப்பு ஏற்பட்டது படிப்படியாகத்தான். 1971 ஜனவரியில் தலைநகர் கோலாலம்பூரையே மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பின்னர் வெள்ளத்தடுப்புக்கென நிலையானதோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1993 டிசம்பர் 11ஆம் நாள் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்ட துயரம் மற்றொரு படிப்பினையாயிற்று. அதன் பின்னர், 1997 மே 11ஆம் நாள், தேசியப் பாதுகாப்பு மன்றம் தனது 20ஆம் எண் ஆணையை வெளியிட்டது. மாவட்டம், மாநிலம், மத்தி என மூன்றடுக்குப் பேரிடர் நிர்வாகக் குழுக்களை அவ்வாணை வகுத்தது. 2014 டிசம்பரில் கிளந்தானின் கோலக்கிராய் முதலிய இடங்களைப் பெருவெள்ளம் சூறையாடியது. அடுத்த ஆண்டு, 2015 அக்டோபர் 1 முதல், நட்மா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் பிரதமர் துறையின் கீழ் இயங்கத் தொடங்கியது.

மூன்றடுக்குகளில் தோட்ட மக்களுக்கு மிக நெருக்கமானது மாவட்டக் குழுவேயாகும். அதன் தலைவர் மாவட்ட அதிகாரி. போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை, பொதுத் தற்காப்புப் படை, சமூக நல இலாகா, பொதுப்பணி இலாகா, வடிகால் நீர்ப்பாசன இலாகா, சுகாதார இலாகா ஆகியவற்றின் மாவட்ட அதிகாரிகள் அக்குழுவில் ஒன்றுசேர்ந்து பணியாற்றுகின்றனர். மாவட்டத்தால் சமாளிக்க இயலாதபோது மாநிலமும், மாநிலத்தாலும் இயலாதபோது மத்தியும் பொறுப்பேற்கும். பணத்தின் பாதையும் ஏறக்குறைய இதே படிகளில்தான் செல்கின்றது. ஆனால் அது எதிர்த்திசையில், மேலிருந்து கீழாக வருகின்றது. பேரிடரின் முதற்செலவு எப்போதும் அடிமட்டத்தில் நிகழ்கின்றது. அதனை ஈடுசெய்யும் பணமோ மேல்மட்டத்தில் இருக்கின்றது. இரண்டுக்கும் இடையே ஒரு கால இடைவெளி இருந்தே தீரும்.

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின்படி நிலமும் ஆறுகளும் ஊராட்சியும் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. சமூக நலனும் வடிகாலும் மத்திக்கும் மாநிலத்துக்கும் பொதுவானவை. வருவாயின் பெரும்பகுதி மத்திய அரசாங்கத்திடமே உள்ளது. ஆதலின், ஓர் ஆறு பெருகினால் ஆற்றுக்கு உரியவர் ஒருவராகவும், உதவிப் பணத்துக்கு உரியவர் மற்றொருவராகவும் இருப்பது இயல்பு. இவ்விடைவெளியை நிரப்பவே தேசியப் பேரிடர் நிவாரண அறநிதி உள்ளது. அதனை நட்மா நிர்வகிக்கின்றது. அரசாங்கம் ஒதுக்கும் பணமும் பொதுமக்களும் நிறுவனங்களும் வழங்கும் நன்கொடைகளும் அதில் சேர்கின்றன.

வரவு செலவுத் திட்டத்தில் எதிர்பார்க்கப்படாத பெருஞ்செலவு திடீரென நேர்ந்தால் என்ன செய்வது? அதற்கும் அரசியலமைப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு வழி காட்டுகின்றது. எதிர்பாராச் செலவு நிதி என்னும் ஒரு நிதியை நாடாளுமன்றம் சட்டத்தின் வழி ஏற்படுத்த அப்பிரிவு இடமளிக்கின்றது. அவசரமும் எதிர்பாராமையும் உள்ள தேவைக்கு நிதியமைச்சர் அதிலிருந்து முன்பணம் வழங்கலாம். ஆயினும் எடுத்த தொகையைக் கூடிய விரைவில் துணை மதிப்பீட்டின் வழி நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்று நிரப்பியாக வேண்டும். ஆக, நாட்டின் நிதியமைச்சரும்கூட முன்பணம் எடுத்துச் செலவிட்டுவிட்டுப் பின்னர் கணக்குக் காட்டியே அதனை ஈடுசெய்கின்றார். நம் தோட்டத்துக் கடைக்காரரின் கடன் சீட்டுக்கும் இதற்கும் அளவில் வேறுபாடு உண்டே தவிர, முறையில் அதிக வேறுபாடு இல்லை.

பிற நாடுகளில் இஃது எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபர்ட் சட்டத்தின் கீழ் அதிபர் ஒரு பகுதியைப் பெரும்பேரிடர் பகுதியாக அறிவித்தால், அங்குள்ள ஊராட்சிகள் மீட்புக்கும் துப்புரவுக்கும் செலவிட்ட தகுதியான தொகையில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் மத்திய அரசு திருப்பித் தருகின்றது. முதலில் செலவு, பிறகு கணக்கு, அதன் பின்னரே பணம். எந்தத் தொழிலாளி எத்தனை மணி நேரம் சேறு அள்ளினார், எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதெல்லாம் நாள்வாரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதி வைக்காத செலவு உண்மையாகவே செய்யப்பட்டிருந்தாலும் தள்ளுபடியாகிவிடலாம். இதில் நம்மைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. ஊதியமின்றி உழைத்த தொண்டர்களின் மணி நேரத்தையும் முறைப்படி எழுதி வைத்திருந்தால், அதற்கு ஒரு மதிப்பிட்டு, ஊராட்சி தன் பங்காகச் செலுத்த வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ள அங்கு இடமுண்டு. நம் தோட்டங்களில் கோத்தோங் ரோயோங் என்று கூடி உழைக்கிறோமே, அதனை யாரேனும் ஏட்டில் எழுதுகின்றோமா? இந்தியாவில் வேறொரு முறை கையாளப்படுகின்றது. அங்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று முன்கூட்டியே ஒன்று வைக்கப்பட்டு, அதில் பொதுவாக 75 விழுக்காட்டை மத்திய அரசும் எஞ்சியதை மாநிலமும் இடுகின்றன.

முறை எதுவாயினும் எழுத்து இன்றிப் பணம் நகர்வதில்லை. இதனைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு விளக்க நாம் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. காலையில் வெட்டிய பாலை வாளியில் சுமந்து வந்து நிறுவையில் வைத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று சோதித்து, கிராணி செக்ரோலில் எழுதிய பிறகே அது கூலியாகின்றது. வழியில் கொட்டிப்போன பாலும் உழைத்து எடுத்த பால்தான். ஆனால் நிறுவையில் ஏறாததால் அதற்குக் கூலி இல்லை. பேரிடர்ச் செலவும் அவ்வாறே.

இனி, தோட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருவோம். கிராமத்தில் வெள்ளம் வந்தால் சாலையும் பாலமும் பெரும்பாலும் அரசாங்கத்துடையவை, வீடு மக்களுடையது. தோட்டத்தில் அப்படியன்று. நிலம், சாலை, லயம் யாவும் நிறுவனத்தின் தனிச்சொத்து. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் மாநிலங்களுக்கு மானியம் வழங்குகின்றது. அரசியலமைப்புச் சட்டத்தின் பத்தாம் அட்டவணையில் இம்மானியம் இடம்பெற்றுள்ளது. ஆயினும் மாரிஸ் எனப்படும் சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்கே அம்மானியம் கணக்கிடப்படுகின்றது. தோட்டத்துக்குள் செல்லும் செம்மண் சாலை அப்பதிவேட்டில் இல்லை. அதிலுள்ள மதகு அடித்துச் செல்லப்பட்டால் அதனைச் சீர்செய்யும் பொறுப்பு நிலவுரிமையாளரைச் சார்ந்தது. பொதுப்பணி இலாகா ஏன் வரவில்லை என்று நம்மவர்கள் மனம் நொந்துகொள்வதைக் கேட்டிருக்கின்றோம். அந்த அதிகாரிக்கு மனமிருந்தாலும், அந்தச் சாலைக்கெனப் பணம் கோருவதற்கு அவர் கையில் ஏடு இல்லை என்பதே காரணமாகும்.

லயத்து வீட்டின் நிலையும் ஏறக்குறைய இதுவே. தொழிலாளர்களுக்கு வழங்கும் வீடுகளை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் விதிக்கின்றது. அதற்கு முன்னர் 1966ஆம் ஆண்டின் சட்டமொன்றும் இருந்தது. ஆகவே, வெள்ளத்தில் கூரையும் பலகையும் பழுதுபட்டால் அதனைச் செப்பனிட அரசாங்க மானியத்தை எதிர்நோக்கிக் காத்திருப்பதைவிட, நிர்வாகத்திடம் எழுத்து மூலம் முறையிடுவதே சரியான வழி. நிர்வாகம் செவிசாய்க்காவிடில் ஆள்பல இலாகா இருக்கின்றது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவர் வழியாகவும் இதனைக் கொண்டு செல்லலாம்.

ஆனால் வீட்டினுள் இருந்த பொருள்கள் குடும்பத்துக்கு உரியவை. அக்குடும்பத்தின் துயரும் தனிச்சொத்து என்ற எல்லைக்கு வெளியே நிற்பது. இங்கேதான் வாங் இஹ்சான் எனப்படும் அரசாங்க உதவித்தொகை வருகின்றது. முன்னர் ஒரு குடும்பத் தலைவருக்கு 500 ரிங்கிட் என்றிருந்த இத்தொகை, 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது 1,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. உயிரிழந்தோரின் வாரிசுகளுக்கு வழங்கும் தொகையும் அப்போது 10,000 ரிங்கிட்டாக்கப்பட்டது. தோட்டத்து லயத்தில் வாழ்வதனால் ஒரு குடிமகன் இவ்வுதவிக்குத் தகுதியற்றவராகிவிடுவதில்லை. வீடு யாருக்குச் சொந்தம் என்பது இதற்குக் கேள்வியன்று. வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பமா என்பதே கேள்வி.

2021 டிசம்பர் வெள்ளம் எத்தகையது என்பதையும் சுட்ட வேண்டும். பருவமழை என்றால் கிழக்குக் கரை மாநிலங்களுக்கே உரியது என்றிருந்த எண்ணத்தை அது மாற்றிவிட்டது. சிலாங்கூரில் ஷா ஆலமும் கிள்ளானும் மூழ்கின. அவ்வாண்டு வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டது. அதில் பொதுச் சொத்துகளும் அடிப்படை வசதிகளும் அடைந்த சேதம் 200 கோடி ரிங்கிட், குடியிருப்பு வீடுகள் அடைந்தது 160 கோடி ரிங்கிட், வாகனங்கள் அடைந்தது 100 கோடி ரிங்கிட். விவசாயத்தின் இழப்பு 9 கோடியே 6 இலட்சம் ரிங்கிட். இத்தொகைகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் என்பது மிகச் சிறிது என்று தோன்றலாம். உண்மையே. இழந்ததற்கு ஈடாக அது கருதப்படுவதில்லை. அடுப்பு மீண்டும் எரிய உதவும் முதற்கைப்பணமே அது. மழையால் பால்வெட்டும் நின்றுபோன ஒரு மாதத்தில் அதன் அருமை தோட்டக் குடும்பத்துக்கு நன்கு விளங்கும்.

இப்பணம் மாவட்ட அலுவலகத்தின் வழியாகக் கொடுக்கப்படுகின்றது. மாவட்ட அலுவலகம் யாருக்குக் கொடுக்கும்? பட்டியலில் பெயருள்ளவருக்கு. பட்டியல் எங்கே உருவாகின்றது? பெரும்பாலும் துயர்துடைப்பு மையத்தின் வாயிலில், சமூக நல இலாகா பணியாளரின் மேசையில். கிராமத்துக்குப் பெங்ஹுலு உண்டு; ஊர்த் தலைவர் உண்டு. மையத்துக்கு வராத குடும்பத்தையும் அவர்கள் அறிவர், சான்றுரைப்பர். தோட்டத்தில் அந்த இடம் பல வேளைகளில் வெறுமையாக இருக்கின்றது. நம்மவர்களோ மையத்துக்குப் போவதற்குக் கூச்சப்பட்டு, பக்கத்துத் தோட்டத்திலுள்ள அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ தங்கிவிடுகின்றனர். சிலர் கோயில் மண்டபத்தில் இரவைக் கழித்துவிட்டு விடிந்ததும் திரும்புகின்றனர். அரசாங்கத்தின் கண்ணுக்கு இவர்கள் தென்படுவதில்லை. 2021 வெள்ளத்தின்போது மையத்துக்குச் செல்லாத குடும்பங்களுக்கும் வாங் இஹ்சான் விரிவுபடுத்தப்பட்டது. எனினும் அவர்களும் பெயரைப் பதிந்தாக வேண்டியிருந்தது.

ஆகவே உறவினர் வீட்டுக்கே செல்வதானாலும், முதலில் மையத்துக்குச் சென்று குடும்பத் தலைவரின் பெயர், அடையாள அட்டை எண், குடும்பத்தினர் எண்ணிக்கை, லயத்தின் எண் ஆகியவற்றைப் பதிந்துவிட்டுச் செல்வது நன்று. அது முடியாதபோது நீர் வடிந்தவுடன் மாவட்ட அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரே வீட்டில் மணமான மகனும் தந்தையும் தனித்தனிக் குடும்பமாக வாழ்வது தோட்டத்தில் வழக்கம். அதனைப் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். பணம் கொடுக்கும் நாளில் வந்து சொன்னால் சச்சரவே மிஞ்சும். வீட்டைக் கழுவும் முன் சுவரில் நீர் ஏறிய அளவும் பாழான பொருள்களும் தெரியும்படி கைத்தொலைபேசியில் நாலைந்து படங்கள் எடுத்துவைத்தால், பின்னர் விசாரிக்க வரும் அதிகாரிக்கும் அது உதவியாக இருக்கும். நம் தாய்மார்கள் வீட்டைச் சுத்தம் செய்வதில் காட்டும் வேகம் போற்றத்தக்கதுதான். ஆனால் இந்த ஒரு வேளையில் மட்டும் ஓர் அரை மணி நேரம் தாமதிக்கலாம்.

அடையாள அட்டையே வெள்ளத்தோடு போய்விட்டால்? பேரிடரில் இழந்த அட்டைக்குத் தேசியப் பதிவிலாகா கட்டணமின்றி மாற்று அட்டை வழங்கி வருகின்றது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் கெட்டுப்போனாலும் அவ்விலாகாவையே நாட வேண்டும். போலீஸ் புகாரின் படி ஒன்று கையிலிருப்பது நலம்.

தோட்ட நிர்வாகமும் கோயில் குழுவும் கடைக்காரரும் முதல் இரவில் செய்த செலவுக்கு வருவோம். உண்மையைச் சொல்வதானால், இவற்றுள் பல யாராலும் ஈடுசெய்யப்படுவதில்லை. அரசாங்கம் மையத்தை ஏற்றுக்கொண்ட நேரத்திலிருந்து அங்கு உண்போரின் உணவுச் செலவு சமூக நல இலாகாவின் பொறுப்பாகின்றது. அதற்கு முந்திய நேரத்துக் கஞ்சி, நல்ல உள்ளங்களின் கொடையாகவே நின்றுவிடுகின்றது. ஆகையால் நீர் ஏறுவது தெரிந்தவுடனே மாவட்ட அலுவலகத்துக்கோ பொதுத் தற்காப்புப் படைக்கோ தகவல் கொடுப்பது உயிர்களைக் காப்பதோடு செலவுப் பொறுப்பையும் காலத்தில் மாற்றிவிடும். எந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் மையமாகும் என்பது மழைக்காலத்துக்கு முன்னரே மாவட்டக் குழுவால் தீர்மானிக்கப்படும் ஒன்று. நம் தோட்டம் எந்த மையத்தைச் சேர்ந்தது என்று அக்டோபர் மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறேதும் இல்லை.

மற்றொரு செய்தியும் பலர் அறியாதது. வெள்ளத்தின்போது பால் ஸ்டோரிலிருந்த மூட்டைகளைக் காக்கவோ, வேலையிடத்தில் சிக்கிய சக தொழிலாளியை மீட்கவோ முயன்ற தொழிலாளி காயமுற்றால் அஃது அவருடைய சொந்த விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. வேலையிடத்திலோ அதன் அருகிலோ ஆபத்து வேளையில் பிறரை மீட்கவும் சொத்தைக் காக்கவும் முனைந்தபோது நேர்ந்த விபத்தை வேலையின் பொருட்டு நேர்ந்ததாகவே 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கருதுகின்றது. சொக்சோவில் சந்தா செலுத்தும் தொழிலாளி அதற்குரிய நலன்களைக் கோரலாம். இதற்கும் நிர்வாகத்தின் விபத்து அறிக்கையும் மருத்துவரின் சான்றும் தேவை.

எல்லா ஏற்பாடுகளும் இருந்தும் பிடிபடாமல் போகும் ஒரு பிரிவினர் நம் தோட்டங்களில் உள்ளனர். ஓய்வு பெற்ற பின்னரும் பழைய லயத்திலேயே வாழ்ந்துவரும் முதியோர் அவர்கள். நிறுவனத்தின் செக்ரோலில் அவர்கள் பெயர் இல்லை. தோட்டம் கைமாறியிருந்தால் புதிய உரிமையாளருக்கு அவர்கள் யார் என்றே தெரியாது. வீட்டைச் செப்பனிடும்படி கேட்க அவர்களுக்கு முதலாளி இல்லை. வீடு தம்முடையது என்று சொல்ல நிலப்பட்டாவும் இல்லை. அவர்கள் வீட்டுச் செலவை ஏற்கும் கணக்கு இன்றளவும் தெளிவாக இல்லை என்றே நாம் கருதுகின்றோம். இருப்பினும் வாங் இஹ்சானுக்கு அவர்களும் உரியவர்களே. பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்கு மேல் வேறு தகுதி அவர்களிடம் வேண்டப்படுவதில்லை. மேசையருகே சென்று பெயரைச் சொல்லக் கால் வலுவில்லாதவர்கள் அவர்களில் பலர். மையத்தில் பதிவு நடக்கும்போது கோயில் தலைவரோ, சங்கக் கிளைத் தலைவரோ, பள்ளி ஆசிரியரோ லயம் லயமாக எண்ணிப் பார்த்து, விடுபட்ட வீட்டு எண்களை அதிகாரியிடம் எடுத்துக் கொடுக்கலாம். அதற்கு உதவியாக, குடும்பத் தலைவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை மழைக்கு முன்னரே எழுதி, ஒரு படியைக் கிராணியிடமும் மற்றொன்றை நெகிழிப் பையிலிட்டுக் கோயிலின் உயரமான மாடத்திலும் வைத்துவிடலாம்.